கிராமத்தில் வேலைக்குப் போக விருப்பமா என்றால் எல்லாரும் கை தூக்குகிறோம், அப்புறம்?

காசிமேடு நாலாம் வருஷம்
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி நர்சிங் நான்காம் ஆண்டு. வீடு காசிமேடு. அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா ஏலத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்கிறார். இந்த ஆண்டு எங்கள் குழுவுக்குக் கிடைத்த ஆய்வுத் தலைப்பு, கிராமப்புறத்தில் பணியாற்ற நர்சிங் மாணவிகளுக்கு இருக்கும் விருப்பம். கேள்வித்தாள் அடித்து, ஜூனியர்களிடம் கொடுத்து, திரும்ப வாங்கி எண்ணி எழுதினால் வேலை முடிந்துவிடும். எனக்கு மனது ஒப்பவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

போன வாரம் டியூட்டர் மேடம் வகுப்பில் கேட்டார், "கிராமத்துக்கு வேலைக்குப் போக யார் யார் தயார்?" கிட்டத்தட்ட எல்லாரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அதே பேச்சு மறுபடியும் வந்தது. ஒருத்தி ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாகிவிட்டது, பி2 நிலைத் தேர்வு முடித்தால் ஜெர்மனிக்குக் கிளம்பிவிடுவேன் என்றாள். ஒருத்தி எய்ம்ஸ் தேர்வுக்குப் படிக்கிறாள். இன்னொருத்தி, "கவர்மென்ட் வேலை என்றால் எந்த ஊரானாலும் சேர்ந்துவிடுவேன், அப்புறம் டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொள்ளலாம்" என்றாள். வகுப்பில் கை தூக்கியபோதும் யாரும் பொய் சொல்லவில்லை, பஸ் ஸ்டாப்பிலும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் ஒரே கேள்வித்தாளில் எப்படிப் பிடிப்பது?

மூன்றாம் ஆண்டில் எங்களுக்குக் கிராமப் போஸ்டிங் இருந்தது. தினமும் காலேஜ் பஸ்ஸில் போய் மதியம் திரும்பிவிடுவோம். ஆளுக்கு இத்தனை வீடு என்று பிரித்துக் கொடுப்பார்கள். என் வீடுகளில் ஒன்றில் ஒரு பாட்டி, சர்க்கரை நோயில் கால் கட்டைவிரலுக்குக் கீழே புண். திண்ணையில் செய்தித்தாளை விரித்து, பையை அதன்மேல் வைத்து, முதலில் சோப்பு எடுத்துக் கை கழுவி, அப்புறம்தான் பையைத் திறக்க வேண்டும். பாடத்தில் அப்படித்தான். நான் கை கழுவி முடிப்பதற்குள் பாட்டி உள்ளே போய் எனக்கு டீ போட்டு எடுத்து வந்துவிட்டது. புண்ணை விட்டுவிட்டு டீயைக் குடி என்றது. எட்டு நாள் டிரெஸ்ஸிங் செய்தேன், சிவப்பாகச் சதை வர ஆரம்பித்திருந்தது. ஒன்பதாம் நாள் போஸ்டிங் முடிந்தது. "நாளைக்கு யாரும்மா வருவா?" என்று பாட்டி கேட்டது. பதில் சொல்லத் தெரியாமல் பஸ் ஏறினேன். இன்று வரைக்கும் அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது.

எனக்குப் போக ஆசை இருக்கிறது. பயமும் இருக்கிறது. போய்விட்டு வந்தவர்கள், போகாதவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள் எல்லாரும் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்.

மணலி லாரி அப்பா
திங்கள், இரவு 10.15

அம்மாடி, நான் உன் அப்பா வயசுக்காரன். லாரி ஓட்டுகிறேன். என் மகளும் நர்சிங்தான், மூன்றாம் வருஷம். பெற்றவன் பக்கத்தைச் சொல்கிறேன்.

கிராமம் என்றால் கேவலம் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. என் அப்பாவே கிராமத்தில் இருந்து பிழைக்க வந்தவர்தான். எனக்கு இருப்பது இரண்டே கேள்வி. ராத்திரி அவள் எங்கே படுப்பாள்? மாசம் பிறந்தால் சம்பளம் வருமா? 2015-இல் அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஆயிரக்கணக்கான நர்ஸுகளை எடுத்தார்கள். அப்போது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று பேச்சு. 2017 நவம்பரில் அந்தப் பிள்ளைகள் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகம் இருக்கிற டி.எம்.எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடியதை நாடே டி.வி-யில் பார்த்தது. அப்புறம் தொகுப்பூதியம் 14,000, 18,000 என்று ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரம் ஆனவர்களும் உண்டு. அதற்குள் எத்தனை வருஷம் ஓடிவிட்டது. அந்தச் சம்பளத்தில் வெளியூரில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, கல்விக் கடனும் கட்டு என்றால் எப்படிக் கட்டுவாள்?

உன் கேள்வித்தாளை எங்களைப் போன்ற அப்பா அம்மாக்களிடமும் கொடு. வீட்டில் முடிவு எடுப்பதில் பாதி நாங்கள்தான்.

வியாசை தம்பி
திங்கள், இரவு 10.32

அக்கா, நான் நர்சிங் படிக்கும் பையன், இரண்டாம் ஆண்டு. போக நான் தயார். ஆனால் கிராமத்தில் வீடு வீடாகப் போகிற வி.எச்.என், அதாவது கிராம சுகாதார நர்ஸ் வேலை பெண்களுக்கு மட்டும்தான். அதற்கான ஏ.என்.எம் என்கிற துணை நர்ஸ் படிப்பிலேயே பையன்களைச் சேர்ப்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன இடம் இருக்கிறது என்பதையும் உங்கள் ஆய்வில் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை சிஸ்டர்
செவ்வாய், காலை 6.20

நான் ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். பிறந்தது வளர்ந்தது எல்லாம் தண்டையார்பேட்டை. பதினோரு வருஷம் வெளி மாவட்டத்தில் ஒரு மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்தில், பி.எச்.சி-யில் இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன்.

முதலில் கெட்டது. குவார்ட்டர்ஸ் என்று ஒன்று இருந்தது. ஒரே அறை, பின்னால் தனியாகக் குளியலறை. குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. எழுதிக் கேட்டேன், வரவில்லை. கடைசியில் ஊர்த் தச்சரிடம் நானே காசு கொடுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த முதல் இரண்டு மாதம் விடியும் முன்னால் நாலரை மணிக்கே எழுந்து குளித்தேன், ஆயாம்மா வெளியே காவலுக்கு நிற்பார். ஒரு தாழ்ப்பாள்தானே என்று ஆபீசில் இருப்பவருக்குத் தோன்றும். எனக்கு அந்த இரண்டு மாதமும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்றுதான் இருந்தது.

இப்போது இன்னொன்று. ஐப்பசி மாசம், மழை. ராத்திரி எட்டரை இருக்கும். பத்து வயதுப் பையனை அவன் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கடலைக் கொல்லையில் பாம்பு கடித்திருக்கிறது. கணுக்காலில் இரண்டு பல் பதிந்து வீங்க ஆரம்பித்துவிட்டது. என்ன பாம்பு என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தார். போனில் பிடித்தேன், "டெஸ்டைப் போடுங்க சிஸ்டர், நான் கிளம்பிட்டேன்" என்றார்.

அந்த டெஸ்ட் உங்களுக்குப் பாடத்தில் இருக்கும், 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. புதிய கண்ணாடிக் குழாயாக இருக்க வேண்டும், உலர்ந்திருக்க வேண்டும், சோப்புத் தூள் போட்டுக் கழுவியதாக இருக்கக் கூடாது. இரண்டு மில்லி ரத்தம் எடுத்து அதில் விட்டு, ஸ்டாண்டில் வைத்து, 20 நிமிடம் தொடாமல் விட வேண்டும். ஆட்டக் கூடாது, சாய்த்துப் பார்க்கக் கூடாது. பையனின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது பண்ணும்மா, ஊசி போடும்மா" என்று அழுகிறார். நான் பையனுக்கு லைன் போட்டு, காலை அசைக்காமல் வைத்து, பி.பி பார்த்து, பாம்புக்கடி மருந்துக் குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 20 நிமிடம் ஆனதும் குழாயை மெதுவாகச் சாய்த்தேன். உறைந்திருந்தால் கட்டியாக அடியில் நிற்கும். தண்ணீர் மாதிரி ஓடியது. ரத்தத்தை உறையவிடாத விரியன் விஷம். டாக்டர் போனிலேயே சொல்லச் சொல்ல, பத்துக் குப்பியையும் கரைத்து டிரிப்பில் ஏற்ற ஆரம்பித்தேன். டாக்டர் நனைந்துகொண்டு உள்ளே வந்தபோது பாதி ஏறியிருந்தது. அந்தக் காலத்தில் 108 கிடையாது, அது 2008 செப்டம்பரில்தான் வந்தது. தக்காளி ஏற்றும் டெம்போவில் வைத்து மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டு போனோம், நானும் கூடவே போனேன்.

பையன் பிழைத்தான். அந்தக் குடும்பம் அப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு படி வேர்க்கடலை கொண்டு வந்து கொடுக்கும். ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில் நானும் பிறகு வேலை பார்த்தேன். அங்கே ஒரு வார்டில் எத்தனை பேர் பக்கத்தில் இருப்பார்கள், கேட்க ஆள் இருக்கும். அந்த ராத்திரி என் கையை நம்பி நான் ஒருத்திதான் நின்றேன். அந்தத் தைரியம் எனக்கு அந்த ஊரில்தான் வந்தது, தங்கச்சி.

இப்போது பி.எச்.சி-களில் மூன்று நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிறார்கள். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் மீதி இரண்டு பேர் மாற்றி மாற்றி நைட் பார்க்க வேண்டும். அதையும் தெரிந்துகொண்டே போ.

எண்ணூர் கரை
செவ்வாய், காலை 11.05

ஒரு சந்தேகம். கிராமம், கிராமம் என்று பேசுகிறோம். நம்ம பக்கம் என்ன வாழ்கிறது? 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எங்கள் தெருவுக்குள் வந்தது. அந்த மாசக் கடைசியில் ஒரு ராத்திரி அமோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இருமல், தோல் அரிப்பு எல்லாம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. நம்ம பிள்ளைகள் நர்ஸாகி முதலில் நம்ம ஜனங்களைப் பார்க்கட்டுமே. ஊரை விட்டுப் போகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பொன்னேரிக்காரன்
செவ்வாய், மதியம் 1.30

எண்ணூர் அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் ஒன்றைப் பாருங்கள். உங்கள் கழிமுகத்தைத் தாண்டினால் காட்டுப்பள்ளி. அது ஊராட்சி. அப்படியே வடக்கே பழவேற்காடு வரைக்கும் மீனவக் குப்பங்கள். வடசென்னை முடிகிற இடத்திலேயே கிராமம் ஆரம்பித்துவிடுகிறது. கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பொன்னேரியில் இறங்கலாம். இந்தத் தங்கச்சி போகிற கிராமம் அதுவாகவே இருக்கலாமே.

நான் அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து இப்போது கொருக்குப்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன். நோயாளி வீட்டுக்காரனாகப் பேசுகிறேன். எங்கள் ஊர்ச் சப் சென்டரில், அதாவது துணை சுகாதார நிலையத்தில் இருந்த நர்சம்மா மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வர ரொம்ப நாள் ஆனது. கட்டடம் பூட்டியே கிடந்தது, திண்ணையில் ஆடு படுத்திருக்கும். பக்கத்து ஊர் நர்சம்மாதான் இரண்டு ஊரையும் சேர்த்துப் பார்த்தார். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு சப் சென்டர், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அவர் தலையில் இரண்டு பங்கு. புதன்கிழமை தடுப்பூசிக்குக் கைக்குழந்தையோடு நடந்து போனவர்கள் உண்டு. என் அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரை தீர்ந்தால் யாராவது பஸ் பிடித்துப் போய் வாங்கி வரும் வரைக்கும் சாப்பிடாமல் இருந்துவிடுவார். எங்களிடமும் சொல்ல மாட்டார்.

அப்புறம் ஒரு நர்சம்மா வந்தார், சின்ன வயசு, நகரத்துப் பிள்ளை. மூன்று மாசத்தில் போய்விடும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆறு வருஷம் இருந்தார். எப்படி என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. மகளிர் குழு அக்கா ஒருவர் தன் வீட்டு மாடியை வாடகைக்குக் கொடுத்தார், ராத்திரிச் சாப்பாடும் அங்கேயே. பஸ் ஸ்டாப்பில் இருந்து அந்த வீடு வரைக்கும் இருட்டு. பஞ்சாயத்தில் பேசி முனையில் ஒரு தெருவிளக்கு போட்டார்கள். செங்கல் சூளைக்கு வேலைக்கு வருகிற ஒடிசாக்காரப் பெண்களிடம் பேச அந்த நர்சம்மா நாலு வார்த்தை ஒடியாவும் கற்றுக்கொண்டார். கல்யாணம் ஆகிப் போகும்போது சூளைப் பெண்கள்கூட வழியனுப்ப வந்தார்கள்.

ஊரும் கொஞ்சம் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையின் தியாகத்தின் மேலே ஏற்றக் கூடாது.

வண்ணை ஆசிரியை
செவ்வாய், மாலை 7.50

நான் நர்சிங் ஆசிரியை, சமுதாய நலச் செவிலியம் எடுக்கிறேன். காசிமேட்டுப் பெண்ணே, நீ கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. பெரிய ஆராய்ச்சியாளர்களும் இதே இடத்தில் தடுக்கி நின்றிருக்கிறார்கள்.

கிராமத்துக்கு ஆள் வந்து நிலைக்க என்ன செய்வது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைகள் வெளியிட்டது, 2021-இல் அவற்றைப் புதுப்பித்தது. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கிராமத்தில் இருக்கிறார்கள், ஆனால் நர்ஸுகளில் 38 சதவீதம் பேர்தான் அங்கே வேலை செய்கிறார்கள் என்று 2010 அறிக்கை சொன்னது. தமிழ்நாட்டிலும் 2011 கணக்கெடுப்பின்படி பாதிக்குக் கொஞ்சம் கூடுதலானவர்கள் கிராமத்தில்தான். அந்தப் பரிந்துரைகள் சம்பளத்தோடு நிற்கவில்லை. கிராமத்துப் பிள்ளைகளைப் படிக்கச் சேர்த்துக்கொள், பயிற்சியைக் கிராமத்துக்குக் கொண்டு போ, தங்க நல்ல வீடு கொடு, மேலே போக வழி வை என்றெல்லாம் சொல்கின்றன. இவற்றில் சான்று வலுவாக இருப்பது முதல் விஷயத்துக்கு. கிராமத்தில் வளர்ந்தவர்கள் கிராமத்துக்குத் திரும்ப வாய்ப்பு அதிகம். தாய்லாந்தில் ஊர்ப் பிள்ளையை எடுத்து, பக்கத்திலேயே படிக்க வைத்து, சொந்த ஊரிலேயே வேலை கொடுத்தார்கள்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே கண்ணால் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கி. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார்கள். வெளியில் இருந்து நர்ஸ் வரவில்லையே என்று காத்திருக்காமல், அந்த மலையில் பிறந்த பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். நீலகிரியில் இருக்கிற கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையிலும் அப்படித்தான். அந்த நர்ஸுகளிடம் போய், கிராமத்தில் வேலை பார்க்க விருப்பமா என்று கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் வீடே அங்கேதான்.

சரி, உன் கேள்வித்தாளுக்கு வருகிறேன். "விருப்பமா" என்று கேட்டால் பிள்ளைகள் நல்ல பிள்ளையாகத்தான் பதில் சொல்லுவார்கள். அதற்குப் பதிலாக இரண்டு வேலைகளை அட்டையில் எழுதி முன்னால் வை. ஓர் அட்டையில் நகரம், குறைந்த சம்பளம், வீட்டில் இருந்து போகலாம். இன்னோர் அட்டையில் கிராமம், சம்பளம் கூடுதல், குவார்ட்டர்ஸ் உண்டு, மூன்று வருஷம் கழித்து மாற்றல் நிச்சயம். எது வேண்டும் என்று கேள். அப்புறம் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி இன்னொரு ஜோடி கொடு. எதை விட்டுக் கொடுக்கிறார்கள், எதை விட மாட்டேன் என்கிறார்கள் என்பது தானாகத் தெரியும். பல நாடுகளில் இந்த முறையைப் பயன்படுத்தித்தான் சலுகைகளை வகுக்கிறார்கள்.

பெரம்பூர் ரயிலடி
செவ்வாய், இரவு 8.25

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? படித்து முடித்த எல்லாரும் ஒரு வருஷம் கட்டாயம் கிராமத்தில் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடையாது என்று சட்டம் போட்டால் போதும். அரசாங்கக் காசில் படிக்கிறவர்கள் திருப்பித் தர வேண்டாமா?

மணலி லாரி அப்பா
செவ்வாய், இரவு 8.40

அரசாங்கக் காசில் படிக்கிறவர்கள் எத்தனை பேர் ஐயா? என் மகள் தனியார் காலேஜில் கடன் வாங்கிப் படிக்கிறாள். நான் திருப்பித் தர வேண்டியது வங்கிக்கு.

தண்டையார்பேட்டை சிஸ்டர்
செவ்வாய், இரவு 9.10

பெரம்பூர் தம்பி, கட்டாயமாக வந்தவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள்தான், திறமையும் உண்டு. ஆனால் வந்த அன்றைக்கே எத்தனை நாள் பாக்கி என்று காலண்டரில் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்த வீட்டில் கர்ப்பிணிக்கு ரத்தம் கம்மி, எந்த மாமியார் மாத்திரையைச் சாப்பிட விடமாட்டார், எந்த வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிப்பார் என்று தெரியவே ஒரு வருஷம் ஆகும். தெரிந்துகொண்ட நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். ஜனங்களும் அடுத்தவரிடம் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக் கூரையில் சொருகி வைக்கிற வீடு எது என்று என் கூட இருந்த வி.எச்.என் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அதை எந்த ரிஜிஸ்டரில் எழுத முடியும்?

வண்ணை ஆசிரியை
செவ்வாய், இரவு 9.35

சிஸ்டர் சொன்னது முக்கியம். கட்டாயப்படுத்தாமல் ஈர்க்கவும் வழி இருக்கிறது. சத்தீஸ்கரில் ஊர்களைக் கஷ்டத்தின் அளவு பார்த்துப் பிரித்து, அங்கே வேலை செய்யும் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் அதற்கேற்ப ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். கிராமத்தில் வேலை பார்க்கும் அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் சேர ஊக்க மதிப்பெண் என்ற ஏற்பாடு ஏற்கெனவே நமக்குப் பழக்கமானதுதான். ஒரு நர்ஸ் மலையில் மூன்று வருஷம் இருந்தால் அது அவளுடைய எம்.எஸ்சி சேர்க்கையில் கனமாக நிற்க வேண்டும். இதை நான் எங்கே போனாலும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கிராமப் போஸ்டிங் என்று நாங்கள் பிள்ளைகளைக் காலை பஸ்ஸில் கூட்டிப்போய் மதியம் கூட்டிவந்துவிடுகிறோம். அவர்கள் கிராமத்தைப் பகலில் மட்டும் பார்க்கிறார்கள். ராத்திரி அங்கே என்ன நடக்கும், எங்கே சாப்பிடுவது, யாரோடு பேசுவது என்று ஒன்றும் தெரியாது. தெரியாத இருட்டைப் பார்த்துப் பயப்படுவது இயற்கைதானே. ஆசிரியர்கள் நாங்களும் சேர்ந்து செய்த தவறு இது.

எண்ணூர் கரை
செவ்வாய், இரவு 10.20

பொன்னேரித் தம்பி சொன்னதை மத்தியானத்தில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டில் என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம். அவள் முதல் பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம் பிரசவ ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள், வலி எடுத்த பிறகு. அந்த வண்டியில் நானும் இருந்தேன். ஊரை விட்டுப் போகாதே என்று நான் எழுதியது அவசரம். இந்தப் பெண் பழவேற்காட்டுக்குப் போனால் என் தங்கை வீட்டில் சாப்பாடு உண்டு, இதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தையும் யாரும் மறக்க வேண்டாம்.

காசிமேடு நாலாம் வருஷம்
வியாழன், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். லாரி அப்பா எழுதியதை என் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார், ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "அந்தச் சிஸ்டர் தாழ்ப்பாள் பற்றி எழுதினதை இன்னொரு தடவை படி" என்றார்.

அட்டைகள் செய்துவிட்டேன். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, ஒரு பக்கம் நகர வேலை, ஒரு பக்கம் கிராம வேலை. சம்பளம், தங்குமிடம், மாற்றல், கூட இருக்கும் நர்ஸுகள் எத்தனை பேர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஐந்து விஷயம். ஆய்வை ஆரம்பிக்கும் முன் என் தோழிகள் மூன்று பேரிடம் சும்மா வைத்துப் பார்த்தேன். ஜெர்மன் படிக்கிறவள் முதலில் கிராம அட்டையைத் தொடவே இல்லை. தங்குமிடத்தில் "இரண்டு நர்ஸ் சேர்ந்து தங்கும் வீடு, குளியலறை உள்ளே" என்று மாற்றி எழுதிய அட்டையை வைத்ததும் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதினேன், அப்போதும் கீழே வைக்கவில்லை. மாற்றல் எப்போது என்று எழுதாத அட்டையை மூன்று பேருமே தள்ளிவிட்டார்கள். மூன்று பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று தெரியும், ஆனால் கை தூக்கச் சொன்னபோது இது எதுவும் வெளியே வரவில்லை.

வியாசை தம்பிக்காக, ஆண் மாணவர்களுக்கும் தனியாக அட்டை போடுகிறேன். பெற்றோருக்கு ஒரு பக்கக் கேள்வித்தாளும் உண்டு. லாரி அப்பா, முதல் தாள் உங்களுக்குத்தான்.

பொன்னேரி அண்ணா, ஒரு உதவி. அந்தத் தெருவிளக்கு போட்ட ஊரை நான் ராத்திரியில் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வண்டியில் வருகிறேன், அம்மாவும் கூட வருகிறார். அந்த மகளிர் குழு அக்காவிடம் பேச முடியுமா?

பொன்னேரிக்காரன்
வியாழன், இரவு 9.28

வாங்க தங்கச்சி. அக்காவிடம் இப்போதே போனில் சொல்லிவிட்டேன். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, திங்கள் காலை முதல் வண்டிக்குப் போகலாம் என்கிறார். மாடி அறை இப்போது காலியாகத்தான் இருக்கிறதாம்.

மணலி லாரி அப்பா
வியாழன், இரவு 9.50

அம்மாடி, என் மகளும் வருகிறேன் என்கிறாள். கூட்டிக்கொண்டு போவாயா? ஸ்டேஷன் வரைக்கும் நான் கொண்டுவந்து விடுகிறேன்.